நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திடலாமா?

தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம் 2020-ல் ஓர் ஆய்வு எடுத்தார்கள். மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. கணக்காகச் சொன்னால் 33.9 சதவீதம். நம் ஊர் வாழ்க்கையைப் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய வியப்பாக இருந்திருக்காது. அடுத்த எண்தான் அதிரவைத்தது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில், அளவு கட்டுக்குள் இருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம் பேர். நூறு நோயாளிகளில் ஏழு பேர்.

மீதிப் பேரில் பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் ஒரு பகுதியினர் சிகிச்சைக்கே போகவில்லை. போனவர்களில் பலர் பாதியில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தாமல் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர்களிலும் சிலருக்கு அந்த மருந்து போதவில்லை. அதைக் கவனித்துக் கூட்டிக்கொடுக்க ஆள் இல்லை.

இத்தனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை இலவசம். வெளியே வாங்கினாலும், மலிவு விலை மருந்தகங்களில் ஒரு மாதத்துக்கான அம்லோடிபின் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்குள் அடங்கிவிடும். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அளப்பதிலும், அளந்தபின் விடாமல் தொடர்வதிலும்தான் கோட்டை விடுகிறோம்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தன்னார்வலர்கள், பி.பி. மெஷினையும் சுகர் பார்க்கும் கருவியையும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அடுத்து நடந்த ஆய்வில் கட்டுக்குள் இருப்பவர்களின் பங்கு 17 சதவீதத்தை ஒட்டி வந்ததுதான். இரண்டு மடங்குக்கும் மேல் முன்னேற்றம். இன்னும் எண்பது சதவீதத்துக்கு மேல் வெளியே நிற்கிறார்கள் என்பதும் அதே எண்ணில் இருக்கிறது.

அந்தத் தன்னார்வலர்களுக்கு வீட்டு வாசலில் அடிக்கடி கிடைக்கும் பதில் இப்படித்தான் இருக்கும்:

"அக்கா, மாத்திரை போடுறீங்கல்ல?"

"இல்லம்மா. போன தடவ நீதானே நார்மல்னு சொன்ன. அதான் நிறுத்திட்டேன்."

நிறுத்தியவரை ஏமாற்றும் மருந்து

அந்த அக்காவைக் குறை சொல்ல முடியாது. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் காய்ச்சல் விட்டதும் நிறுத்துகிறோம். வாழ்நாள் முழுக்க நோய்க்கு நாம் பழகிய முறை அது. ரத்தக் கொதிப்பில் 'நார்மல்' என்ற அளவு, மாத்திரை உள்ளே இருந்து வேலை செய்கிறது என்பதற்கான சாட்சி. மாத்திரையை எடுத்துவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு அளவு பழைய இடத்துக்கே திரும்பும். ஆனால் எப்போது திரும்பும் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதை மருத்துவர்கள் நோயாளிகளிடம் விளக்கிச் சொல்வது குறைவு என்பது என் வருத்தம்.

நம் ஊரில் அதிகம் எழுதித் தரப்படும் அம்லோடிபின் மெதுவாக வேலை செய்கிற மருந்து. உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஆகவே இன்று நிறுத்தினால் நாளை எதுவும் தெரியாது. மூன்றாம் நாள் அளந்து பார்த்தால்கூட ஓரளவு நன்றாகவே காட்டலாம். "பாத்தியா, மாத்திரையே வேணாம், எனக்குச் சரியாகிடுச்சு" என்ற நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. அதன்பிறகு அளப்பதை விட்டுவிடுகிறார்கள். அளவு சத்தமில்லாமல் ஏறுவது அதற்கு அப்புறம்தான்.

இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாகத் தொடங்கும்போதும் முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். மூன்று நாளில் குறையவில்லை என்று டாக்டரை மாற்றுவதில் பயனில்லை. எல்லா மருந்தும் இப்படி மெதுவானதும் அல்ல. அட்டெனலால், மெட்டோபுரலால் வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் படபடத்து நெஞ்சுவலிவரை போகலாம். குளோனிடினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே அளவு எகிறும்.

பக்கவிளைவுக்குப் பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அம்லோடிபின் போட்டால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். 'கிட்னி போச்சு' என்று பயந்து மாத்திரையைத் தூக்கி எறிகிறார்கள். அந்த வீக்கம் பெரும்பாலும் அந்த மருந்தின் குணம். அளவைக் குறைத்தோ, டெல்மிசார்டான் போன்ற வேறொன்றைச் சேர்த்தோ சரிசெய்யலாம். எனலாப்ரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும், மாற்றிக்கொடுத்தால் நின்றுவிடும். மருந்தை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. அதைச் சொல்லாமல் நிறுத்திவிட்டு, இரண்டு வருடம் கழித்துக் கை கால் வராமல் ஆம்புலன்ஸில் வருகிறவர்களைப் பற்றி எந்த நரம்பியல் மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

காலையில் போடுவதா, ராத்திரியா என்ற சந்தேகமும் பலருக்கு உண்டு. பிரிட்டனில் 21,104 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் எதிலும் இரண்டு நேரத்துக்கும் வித்தியாசமில்லை. மறக்காமல் போட எந்த நேரம் தோதோ, அந்த நேரம் போதும்.

மருந்தில்லாத காலம்

இந்தச் சின்ன மாத்திரையின் அருமை, அது இல்லாத காலத்தைப் பார்த்தால் புரியும். 1944 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைப் பரிசோதித்த இதய மருத்துவர் ஹோவர்ட் புரூன் குறித்துவைத்த அளவு 186/108. அதிபருக்கு இதயம் பெருத்திருந்தது, மூச்சு வாங்கியது. புரூன் உப்பைக் குறைக்கச் சொன்னார், டிஜிட்டாலிஸ் என்ற இதய மருந்தைக் கொடுத்தார், ஓய்வெடுக்கச் சொன்னார். அழுத்தத்தைக் குறைத்துவைக்கிற, நம்பி நீண்டநாள் கொடுக்கக்கூடிய மாத்திரை எதுவும் அன்று கையில் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸில், தலையின் பின்புறம் கடுமையாக வலிக்கிறது என்று சொல்லிச் சரிந்தார் ரூஸ்வெல்ட். அப்போது அளவு 300/190. மூளையில் ரத்தக்கசிவு, அன்றே உயிர் போனது. அவருக்கு வயது 63.

வயதானால் அழுத்தம் கூடுவது இயல்பு, இறுகிய குழாயில் ரத்தத்தைத் தள்ள அது தேவைகூட என்று நம்பிய மருத்துவர்கள் அன்று பலர். அந்த நம்பிக்கையை உடைத்தது 1948-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 5,209 பேரை வைத்துத் தொடங்கிய நெடுங்கால ஆய்வு. பின்னர் பத்து லட்சம் பேரின் தகவல்களைத் திரட்டி 2002-ல் வெளியான கணக்கு இன்னும் தெளிவாகச் சொன்னது: 40 முதல் 69 வயதுக்காரர்களுக்கு மேல் அளவு (இரண்டு எண்களில் முதலாவது) 115-லிருந்து ஒவ்வொரு 20 கூடும்போதும் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் இறக்கும் ஆபத்து இரட்டிப்பாகிறது. "வயசாச்சுன்னா பிரஷர் கூடத்தான் செய்யும்" என்று நம் திண்ணைகளில் இன்றும் கேட்கிறது. எண்பது ஆண்டுக்கு முந்தைய டாக்டர்களின் தவறு அது.

கையைத் தொங்கவிட்டால் ஆறு புள்ளி

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, டோக்கன் வாங்கி, மாடிப்படி ஏறி, பேர் கூப்பிட்டதும் ஓடிவந்து ஸ்டூலில் உட்காருகிறோம். சட்டைக் கையின்மேலேயே பட்டையைச் சுற்றுகிறார்கள். காற்று ஏறும்போதே "சாப்பாடெல்லாம் எப்படிம்மா?" என்று கேள்வி, நாமும் பதில் சொல்கிறோம். வருகிற எண்ணைச் சீட்டில் எழுதி, அதை வைத்து வாழ்நாள் மருந்து முடிவாகிறது. இதில் ஒவ்வொன்றும் அளவைக் கூட்டுகிற பிழை.

2024-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் கையின் நிலையை மட்டும் மாற்றி மாற்றி அளந்து பார்த்தார்கள். மேசைமேல் இதய உயரத்தில் வைத்த கையோடு ஒப்பிட்டால், மடியில் வைத்த கை மேல் அளவை ஏறக்குறைய 4 புள்ளியும், பக்கவாட்டில் தொங்கவிட்ட கை 6 புள்ளிக்குச் சற்று மேலும் கூட்டிக் காட்டின. பட்டையின் அளவு இன்னும் பெரிய விஷயம். பெரிய பட்டை தேவைப்படும் பருத்த கையில் சாதாரணப் பட்டையைச் சுற்றினால், உண்மையைவிட வெகுவாக அதிகமாகக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவர்களுக்கு இந்தப் பிழை சராசரியாக 20 புள்ளியை நெருங்குவதாக 2023-ல் வந்த ஓர் ஆய்வு கண்டது. இருபது புள்ளி என்றால், தேவையில்லாத இரண்டாவது மாத்திரை. நம் மருத்துவமனைகள் பலவற்றில் பெரிய பட்டை ஒன்றுகூட இருப்பதில்லை. விலை உயர்ந்த பொருளும் அல்ல அது. கேட்டு வாங்கிவைக்க வேண்டிய பொறுப்பு நிர்வாகத்துடையது.

ஆகவே முடிந்தவர்கள் வீட்டிலேயே ஒரு மெஷின் வைத்துக்கொள்வது நல்லது. மேல்கையில் சுற்றுகிற மாதிரி வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவதும் விரலில் மாட்டுவதும் நம்பத்தக்கவை அல்ல. முறையாகச் சோதித்து உறுதிசெய்யப்பட்ட மாடலா என்று கேளுங்கள். வாங்கியதும் ஒருமுறை டாக்டரிடம் எடுத்துப்போய் அவருடைய கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

அளப்பதற்கு அரை மணி முன்பிருந்தே காபி, டீ, பீடி, சிகரெட், வேகநடை எதுவும் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. அதுவே அளவை ஏற்றிவிடும். முதுகு சாய்ந்திருக்க, பாதம் தரையில் படிந்திருக்க, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். டி.வி.யில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடலாம். துணி இல்லாத கையில் பட்டை. கை மேசைமேல், நெஞ்சு உயரத்துக்கு. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். முதல் தடவை இரண்டு கைகளிலும் பாருங்கள். எந்தக் கை அதிகம் காட்டுகிறதோ அதுவே இனி உங்கள் கை. வித்தியாசம் 15-க்கு மேல் போனால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தினமும் பத்துத் தடவை அளந்து பதற்றப்படுகிறவர்களையும் பார்க்கிறோம். அதனால் நன்மை இல்லை. டாக்டரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வாரம், காலையில் மாத்திரைக்கும் பலகாரத்துக்கும் முன்பு, மாலையில் ஒருமுறை என அளந்து எழுதுங்கள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் 140/90 எல்லை என்றால் வீட்டில் 135/85-தான் எல்லை. வீட்டில் உடம்பு நிதானமாக இருப்பதால் இந்தக் கணக்கு. சர்க்கரை நோயோ சிறுநீரக பாதிப்போ இதய நோயோ உள்ளவர்களுக்கு இன்னும் கீழே, 130/80-க்குள் கொண்டுவர மருத்துவர்கள் முயல்வார்கள்.

இந்த ஏழு நாள் நோட்டுப் புத்தகம் இன்னொரு வேலையும் செய்கிறது. டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் மட்டும் ஏறுகிறவர்களை அது காட்டிக்கொடுக்கும். அவர்களுக்குத் தேவையற்ற மருந்து மிச்சம். இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு: டாக்டர் முன்னால் நன்றாக இருந்து வீட்டிலும் வேலையிலும் ஏறுகிறவர்கள். அவர்களுடைய ஆபத்தை ஆஸ்பத்திரியில் எடுக்கும் அளவு காட்டாது.

ஒரு நாள் திடீரென்று 180/120 காட்டினால்? உட்கார்ந்து, சில நிமிடம் கழித்து மறுபடியும் அளந்து பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108. எதுவும் இல்லையென்றால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசி, மருந்தை ஒழுங்குசெய்து, மெல்ல இறக்க வேண்டிய விஷயம் அது. நாக்கின் அடியில் நிஃபெடிபின் வைத்து ஒரே அடியாக இறக்கும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. மூளைக்கும் இதயத்துக்கும் போகும் ரத்தம் சட்டென்று குறைந்து ஆபத்தாகும் என்று 1990-களிலேயே எச்சரித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை எடுத்துக் கூடுதலாக விழுங்குவதும் இதே தவறுதான்.

இலையின் ஓரத்து உப்பு

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னையில் எடுத்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் சராசரி 8.5 கிராம் வந்தது. மேலைநாடுகளில் உப்பில் பெரும்பகுதி பாக்கெட் உணவிலும் பேக்கரியிலும் ஒளிந்து வருகிறது. நம்முடையது இன்னும் பெரும்பாலும் நம் அடுப்படியிலேயே விழுகிறது: இட்லி மாவில், சாம்பாரில், ரசத்தில், பொரியலில், மோரில். போதாதென்று இலை போட்டதும் ஓரத்தில் முதலில் வைக்கிற உப்பு. அதன் பக்கத்தில் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய். ஊரைப் பொறுத்துக் கருவாடு. அப்பளத்தில் உப்பு போக அப்பளக் காரமும் சோடியம்தான். பஜ்ஜி மாவில் போடும் ஆப்ப சோடாவும் அப்படியே.

அடுப்படியில் விழுகிற உப்பு என்பது ஒரு வகையில் நமக்குச் சாதகம். அரசாங்கம் சட்டம் போடும்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் 'பிரஷர் உள்ளவருக்கு மட்டும் தனிச் சமையல்' என்று ஆரம்பித்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. சமைக்கிற பெண்ணுக்கு இரட்டை வேலை, சாப்பிடுகிறவருக்குத் தண்டனை. குடும்பத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதுதான் நடக்கிற வழி. சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

இந்துப்பு வாங்கினால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். பிரஷருக்கு அது எந்த விதத்திலும் மருந்தாகாது. அயோடினும் பொதுவாக இருக்காது. சோடியத்தின் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் சேர்த்த உப்பு வேறு சங்கதி. சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரை வைத்து நடந்த ஆய்வில், பாதிக் கிராமங்களுக்குக் கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது என்று 2021-ல் முடிவு வந்தது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களும், டெல்மிசார்டான், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

மாத்திரையும் சரி, உப்பும் சரி, ஆனால் அளவு இறங்கவில்லை என்றால் வேறு என்ன உள்ளே போகிறது என்று பாருங்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் அளவை ஏற்றும். பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் படுத்தும். மூக்கடைப்புக்கான சில சளி மாத்திரைகளும் ஏற்றும். இருமலுக்குக் காலங்காலமாக வாயில் அடக்கிக்கொள்கிற அதிமதுரம்கூட, நாள்கணக்கில் சாப்பிட்டால் உடம்பில் உப்பைத் தேக்கி அழுத்தத்தைக் கூட்டும். மதுவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கிராமத்துப் பெண்கள் கையில் கருவி

வீடு தேடிப் போகும் யோசனை தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, டயாலிசிஸுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் வழியில்லாத ஏழைகளுக்குச் சிறுநீரகம் கெடாமல் பார்ப்பதே வழி என்று முடிவுசெய்தார். சென்னையின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம், அருகிலுள்ள கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்து, வீடு வீடாக ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கவைத்தார். கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்குப் புதிய, விலையுயர்ந்த மருந்துகளைக் கொடுக்கவில்லை. ரிசர்பின், ஹைட்ரோகுளோரோதையசைடு, ஹைட்ரலசின் போன்ற பழைய, மலிவான மருந்துகள். மிகப் பெரும்பாலோருக்கு அளவு கட்டுக்குள் வந்தது.

அந்த ரிசர்பினுக்கு நம் மண்ணோடு உறவு உண்டு. சர்ப்பகந்தா செடியின் வேரை ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்துப் பார்த்து, பம்பாயின் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. மூன்று ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தார்கள். மணி செய்ததில் நான் மதிக்கிறது மருந்தின் தேர்வை மட்டுமல்ல. பயிற்சி பெற்ற ஓர் உள்ளூர்ப் பெண் அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனார் என்பதையும்தான். இன்றைய தன்னார்வலர்களின் வேலையும் அதுவே. அதற்கு ஊக்கத்தொகை என்ற பெயரில் சிறு தொகை தருவது நியாயமில்லை. அது சம்பளத்துக்குரிய வேலை.

இதில் ஒரு பெரிய இடைவெளி ஆண்கள். தன்னார்வலர் பகலில் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பது பெண்களும் முதியவர்களும்தான். நாற்பது வயது லோடு ஆட்டோ ஓட்டுநர் அப்போது சாலையில் இருக்கிறார். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. எனவே ஒரு நாள் கூலியை விட்டு அவர் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார். இதைப் புரிந்துகொண்டுதான் 2024-ல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வந்தது. தொழிற்சாலை வாசலோடு அது நின்றுவிடக் கூடாது என்பது என் ஆசை.

ஆண்கள் கூடும் இடத்துக்கே போனால் பலன் உண்டா? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின ஆண்கள் முடிவெட்ட வரும் 52 கடைகளில் ஒரு முயற்சி நடந்தது. மொத்தம் 319 பேர். ஒரு பகுதிக் கடைகளில் மருந்தாளுநரே கடைக்கு வந்து, அங்கேயே அளந்து, டாக்டரின் ஒப்புதலோடு மருந்து எழுதினார். மற்றக் கடைகளில் முடிதிருத்துபவர் "டாக்டரைப் பாருங்க" என்று அறிவுரை மட்டும் சொன்னார். ஆறு மாதத்தில் அறிவுரை கேட்டவர்களுக்கு மேல் அளவு 9 புள்ளி குறைந்தது. கடையிலேயே மருந்து பெற்றவர்களுக்கு 27. 2018-ல் இது வெளியானது.

நம் ஊரில் மருந்தாளுநர் மருந்து எழுத முடியாது. ஆனால் கோயம்பேடு சந்தையிலோ, ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியிலோ, பஸ் டெப்போவின் ஓய்வறையிலோ, ஒரு செவிலியர் மாதம் ஒரே நாளில், ஒரே இடத்தில், இரண்டு அளவுப் பட்டைகளோடும் மருந்துப் பெட்டியோடும் உட்கார முடியும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் போனில் இருந்தால் மருந்தின் அளவையும் அங்கேயே மாற்றலாம். சுமையை இறக்கிவைத்துவிட்டு, டீக்கு முன்னால் ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னால் அவர்கள் உட்காருவார்கள்.